ஒசூர் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் ஒன்று சொன்னாய். "காதல் கீதலெல்லாம் இனி வேண்டாம் அக்கா, வீட்டில் ஒரு மனுஷி இருந்தால் போதும்." நீ வைத்த பிறகும் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விவாகரத்துக்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வந்து நீயே பூட்டைத் திறந்து, நீயே லைட்டைப் போடுகிறாய். புரிகிறது. ஆனால் நீ கேட்பது பெண்டாட்டியையா, தோளில் விழும் ஒரு கையையா? நம் ஆண்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதுதான் வம்பு.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பையன்களைப் பார். ஒருவன் தோளில் இன்னொருவன் கை, ஒரே பைக்கில் மூன்று பேர். (போலீஸ் பிடித்தால் அது தனிக் கதை.) நீயும் அப்படித் திரிந்தவன்தான். கல்யாணப் பத்திரிகை அடித்ததும் அந்தக் கைகளெல்லாம் எங்கே போகின்றனவோ! அப்புறம் ஓர் ஆணைத் தொட உரிமையுள்ள ஆள் பெண்டாட்டி மட்டும்தான். அவளோ நாள் முழுக்கப் பிள்ளையைச் சுமந்து ஓய்ந்திருப்பாள். ராத்திரி விலகிப் படுத்தால், அன்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள்.

ஒகேனக்கல் போனால் வேடிக்கை பார்க்கலாம். மீசை வைத்த பெரிய மனிதர்கள் டவுசரோடு குப்புறப் படுத்திருப்பார்கள். மசாஜ்காரர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி முதுகைத் தேய்த்து, தோளில் பட்பட்டென்று தட்டி, விரல் விரலாகச் சொடக்கெடுப்பார். வீட்டில் வாயே திறக்காத ஆள் கண்ணை மூடிக்கொண்டு "அங்கதான், அங்கதான்" என்பார். உடம்பு வலி என்று ஒரு சாக்கு இருப்பதால் கூச்சமில்லை. அத்தனை பேருக்குமா உடம்பு வலி?

தோலில் இதற்கென்றே ஒரு வகை நரம்பு இருக்கிறது, முன்கை மாதிரி முடியுள்ள இடங்களில். வேகமாகத் தேய்த்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், வெதுவெதுப்பான கை மெதுவாக வருடினால்தான் நன்றாக விழித்துக்கொள்ளும். குழந்தையை வருடும் தாயின் கை தானாகவே கிட்டத்தட்ட அந்த வேகத்துக்கு வந்துவிடும். அந்த நரம்புக்குத் தாலிக் கணக்கெல்லாம் தெரியாது.

நம் ஊர் தகடூராக இருந்த காலத்து அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. கள் கொடுத்ததையும் சோறு போட்டதையும் சொல்லிவிட்டு, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே என்று அழுகிறாள். நமக்கு நெல்லிக்கனிக் கதையை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கென்னவோ நெல்லிக்கனியைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. காதலுமில்லை, கல்யாணமுமில்லை. ஒரு தலை, ஒரு கை.

என் கதையையும் சொல்கிறேன், சிரிக்காதே. உன் மாமா போன பிறகு ஒரு திருவிழாவில் பெரியவளுக்கு வளையல் வாங்கப் போனேன். கடைக்காரர் வயசானவர். அவளுக்குப் போட்டுவிட்டு, என் பக்கமும் கையை நீட்டினார். நானும் நீட்டிவிட்டேன். "கையை லூசா விடுங்கம்மா" என்று கட்டைவிரலை உள்ளே மடக்கி, மேட்டை அழுத்திப் பிடித்து, பச்சைக் கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினார். எலும்பு தாண்டும்போது கொஞ்சம் வலித்தது. இன்னும் அரை டஜன் போடச் சொன்னேன். வீட்டில் அத்தை முகம் சுளித்தார்கள், நான் கழற்றவில்லை.

அந்தப் பெரியவர்மேல் ஆசையா? சேச்சே. ஆண் துணை பற்றி நான் நினைப்பதே இல்லையா என்றால், நினைப்பதுண்டு. அது வேறு. அதற்குப் பேச்சு வேண்டும், சண்டை வேண்டும், என் கிண்டல் புரிகிற ஆள் வேண்டும். வெறும் கை போதாது.

வரன் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பசியோடு சந்தைக்குப் போனால் கண்டதையும் வாங்கி வருவோம், அதுதான் பயம். காவேரிப்பட்டணத்துப் பெண்ணைப் பார்க்கப் போகும் முன் பாலக்கோடு போய்ச் சித்தப்பாவைப் பார். முழங்கால் வலி என்கிறார். நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடு. "வேணாம்டா" என்று காலை இழுத்துக்கொள்வார். சித்தி போனதிலிருந்து அவரை யார் தொட்டிருப்பார்கள்? விடாதே.

அப்புறம் அந்தப் பெண்ணிடம் பேசு. உன் தனிமையைச் சொல்வதோடு நிறுத்தாமல், அவளுக்கு என்ன வேண்டும் என்றும் கேள்.

உன் அக்கா