கேம் விமர்சனத்துக்கும் அரைப் பக்கம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் செல்போன், லேப்டாப் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கடைக்கு உங்கள் பத்திரிகைதான் வருகிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில், மனிதன் மரணத்தை வெல்லப்போகிறான் என்று முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மூளையைப் படியெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம், தேய்ந்த உறுப்பைக் கழற்றிவிட்டுப் புது உறுப்பை மாட்டிக்கொள்ளலாம், இதற்கு டிரான்ஸ்ஹியூமனிசம் என்று பெயர் என்றெல்லாம் எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பினால், வீடியோ கேமிலிருந்து பிள்ளைகளை மீட்பது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி. அடுத்தடுத்துப் படித்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரையாளர் கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் பல வருடங்களுக்கு முன்பே கேட்டு வைத்திருப்பவை, பெட்டிச் செய்தி விரட்டச் சொல்கிற வீடியோ கேம்கள்தான்.

எல்லா கேமையும் சொல்லவில்லை. கடைக்கு வரும் பையன்கள் போன் சூடாகிற வரைக்கும் சுட்டுத் தள்ளுகிற வகை வேறு. நான் சொல்பவை அதிகம் பேருக்குத் தெரியாதவை. எனக்கே என் மகள் சொல்லித்தான் தெரியும்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான்கு வயதில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தோம். மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு கருவி, அதிலிருந்து உள்காதுக்குள் போகும் மெல்லிய மின்வாய்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு பிராசசர், தலையில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் காயில், இரண்டையும் சேர்க்கும் கேபிள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எதிரில் நின்று பேசினால் சரளமாகப் பேசுவாள். போனில் பேச்சு பிடிபடாது. அதனால் சின்ன வயதிலிருந்தே காதால் கேட்க வேண்டிய கேமை விட்டுவிட்டு, கண்ணால் படிக்கிற கேமாகத் தேடுவாள். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாரும் திரும்ப வந்து வாங்காமல் கிடக்கும் ஏதாவது ஒரு லேப்டாப்பில் அவள் விளையாடுவாள். ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே ஏதாவது போனைப் பிரித்துக்கொண்டிருப்பேன். உங்கள் கட்டுரை ‘வருங்காலத்தில்’ என்று ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பதினைந்து வருடமாகத் தினமும் சார்ஜ் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’. 2022 மே மாதம் வந்தது. கேரத் டேமியன் மார்ட்டின் என்பவர் ஒற்றை ஆளாக நடத்தும் ஸ்டுடியோவின் வேலை; கதாபாத்திரங்களின் படங்கள் ஒரு பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியருடையவை. இதில் யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் எழுத்துதான். அதனாலேயே என் மகள் இதை வாங்கினாள்.

கதை இதுதான். கடனை அடைக்க வழியில்லாத ஒருவர் தன் மனதின் நகலை ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கிறார். கம்பெனி அந்த நகலை ஒரு செயற்கை உடம்பில் போட்டு வேலை வாங்குகிறது. அந்த நகல்தான் நாம். கம்பெனியிடமிருந்து தப்பி, ஒரு சரக்குக் கண்டெய்னரில் கிடந்து, இடிந்துபோன ஒரு விண்வெளி நிலையத்துக்கு வந்து சேர்கிறோம். பழைய கப்பல்களை உடைக்கும் ஒருவர் நம்மைக் கண்டெடுத்து வேலை தருகிறார். அதாவது, விண்வெளியில் ஒரு காயலான் கடை. எனக்கு அந்த இடத்திலேயே கேம் பிடித்துவிட்டது.

ஆனால் உடம்பு நம்முடையது இல்லை. ஓடிப்போனால் தானாகக் கெட்டுப்போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கெடாமல் இருக்க ஒரு மருந்து வேண்டும், அது கம்பெனியின் மருந்து. அதன் பெயர் ஸ்டெபிலைசர். நம் ஊரில் ஸ்டெபிலைசர் என்றால் ஃபிரிட்ஜுக்குப் போடுவது. மகள் முதலில் சொன்னபோது நானும் அதைத்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. தினமும் எழுந்ததும் பகடைகள் விழுகின்றன, அதிகபட்சம் ஐந்து. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பகடையைச் செலவழிக்க வேண்டும். உடம்பு தேயத் தேயப் பகடை ஐந்து நான்காகும், மூன்றாகும். பகடை குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் மருந்துக்குக் காசு வராது, மருந்து இல்லாவிட்டால் நாளைக்கு இன்னும் ஒரு பகடை போகும். கூலி வேலைக்குப் போகிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போன ஒவ்வொருவரும் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள்தான்.

ஒரு குறையும் உண்டு. பாதிக்கு மேல் போனதும் கையில் காசு சேர்ந்துவிடுகிறது, மருந்துக் கவலை விலகிவிடுகிறது, கேம் சுகமாகிவிடுகிறது. வாழ்க்கையில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இது வெறும் கற்பனைதானே என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லக்கூடும். அந்த கேம் வந்த அதே 2022-இல்தான் அமெரிக்காவில் ஒரு உண்மைக் கதை வெளியே வந்தது. ‘செகண்ட் சைட்’ என்ற கலிஃபோர்னியா கம்பெனி, பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் பொருத்தும் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்தது. 60 மின்வாய்கள், கண்ணாடியில் ஒரு கேமரா. 2013-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார்கள். 2019-இல் கம்பெனி அதைக் கைவிட்டது. அடுத்த வருடம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கருவி ரிப்பேரானால் பார்க்க ஆள் இல்லை, ஸ்பேர் இல்லை. கண்ணுக்குள் இருப்பது கண்ணுக்குள்ளேயே கிடக்கும். இந்தச் செய்தியைப் போனில் படித்துவிட்டு நான் மகளிடம் சொல்லவில்லை. அவள் எனக்கு முன்பே படித்திருந்தாள். அவளும் என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் கதை அந்த அளவுக்கு மோசமில்லை. அறுவை சிகிச்சைக்கு நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, அதற்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். ஆனால் உள்ளே வைத்ததோடு முடிவதில்லை. வெளியே மாட்டும் பிராசசர் சில வருடங்களில் ‘பழைய மாடல்’ ஆகிவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் கேபிள் பிய்ந்தது. சப்ளை செய்பவர் சொன்ன விலைக்கு என் கடையில் ஒரு பழைய லேப்டாப்பே எடுத்துவிடலாம். சரி என்று பணத்தோடு போனால், அந்த மாடலுக்குக் கேபிள் வருவது நின்றுவிட்டது, அப்கிரேட் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அப்கிரேட் என்றால் லட்சங்களில். கடைசியில் வேறு ஊரில் ஒரு குடும்பத்திடம் உபரியாக இருந்த கேபிள் கிடைத்தது. இடையில் பதினேழு நாள் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஊரில் உள்ள போனையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவன் நான். அந்தப் பிராசசரையும் கையில் எடுத்துக்கொண்டு லென்ஸை மாட்டினேன். ‘அப்பா, அதை மட்டும் தொறக்காதீங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து ‘சோமா’. ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015 செப்டம்பரில் வெளியிட்டது. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒரு முறையாவது விளையாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சைமன் என்பவன் டொரான்டோவில் இருக்கிறான். கார் விபத்தில் மூளையில் அடி. சிகிச்சைக்காக மூளையை ஸ்கேன் எடுக்க நாற்காலியில் உட்காருகிறான். கண் விழித்தால் 2104, அட்லான்டிக் கடலின் அடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். மேலே பூமி ஒரு வால்நட்சத்திரம் மோதி அழிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனுக்குப் புரிகிறது, தான் சைமன் இல்லை, அந்த ஸ்கேன் என்று. நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் மூளைகளையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு பெட்டியில் ஏற்றி, விண்வெளிக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஸ்கேன் முடிந்த உடனே தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கே உயிரோடு இருந்தால்தானே அங்கே இருப்பது வேறு ஆளாகும், இங்கே நின்றுவிட்டால் அங்கே தொடரலாம் என்று ஒரு கணக்கு.

நடுவில் ஓர் இடம். ஆழத்துக்கு இறங்க சைமனின் உடம்பு தாங்காது, வேறு கவச உடைக்கு மாற வேண்டும். நாற்காலியில் உட்கார்கிறான், கண்ணை மூடித் திறக்கிறான், புது உடம்பில் இருக்கிறான். வேலை முடிந்தது என்று நினைக்கும்போது எதிரில் பழைய நாற்காலியிலிருந்து அவன் குரலே கேட்கிறது: ஏன் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று. பழையவனை அப்படியே விட்டுவிட்டுப் போவதா, மின்சாரத்தை வடித்துவிட்டுப் போவதா என்று கேம் நம்மிடம் விட்டுவிடுகிறது. மகள் நெடுநேரம் மவுஸைத் தொடவில்லை.

எனக்கு இது உடனே புரிந்தது. கடைக்குத் தினமும் இரண்டு பேராவது புது போனோடு வந்து, ‘அண்ணே, பழசுல இருக்கறதெல்லாம் இதுக்கு மாத்திக் குடுங்க’ என்பார்கள். மாற்றிக் கொடுப்பேன். சந்தோஷமாகப் போவார்கள். உண்மையில் எதுவும் மாறவில்லை, நகல்தான் போயிருக்கிறது. பழைய போன் என் மேசையில் அதே போட்டோக்களோடு, அதே அலாரத்தோடு கிடக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு யாரையோ எழுப்ப மணி அடிக்கும். மரணத்தை வென்றுவிடலாம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் புது போனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

‘சோமா’வில் பேய் மாதிரி சில உருவங்கள் துரத்தும். அவை தேவையே இல்லை என்பது என் கருத்து. சத்தத்தை வைத்துத்தான் அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும், மகளுக்கு அது முடியவில்லை, இரண்டு முறை பாதியில் விட்டாள். 2017 கடைசியில் அதைச் செய்தவர்களே ‘சேஃப் மோட்’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் அவை நம்மைக் கொல்லாது. அதைப் போட்டுத்தான் முடித்தாள். பேச்சுக்கு சப்டைட்டில் இருக்கிறது.

‘அப்சர்வர்’ என்று போலந்துக்காரர்களின் கேம் ஒன்று, 2017. கதை நடப்பது அவர்களுடைய கிராக்கோ நகரத்திலேயே, 2084-இல். செத்தவர் மூளைக்குள் நுழைந்து துப்பறியும் போலீஸ்காரர். திரை விட்டுவிட்டு மின்னுவதில் எனக்குத் தலைவலி வந்து, நாங்கள் முடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று, மிகப் பழையது. ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’, 1985, அமெரிக்காவின் இன்ஃபோகாம் கம்பெனி, எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. படமே கிடையாது, திரையில் எழுத்து மட்டும். நாமும் டைப் அடித்துத்தான் விளையாட வேண்டும். பெர்ரி என்ற இளைஞன், தான் மனிதன் இல்லை, மனிதனாக வளர்க்கப்பட்ட கம்ப்யூட்டர் என்று தெரிந்துகொள்கிறான். அவனைப் பத்துப் பத்து வருடமாக, கம்ப்யூட்டரில் உருவாக்கிய எதிர்காலத்துக்குள் அனுப்பி, அரசியல்வாதிகள் கொண்டுவரப்போகும் ஒரு திட்டம் ஊரை என்ன செய்கிறது என்று பார்த்து வரச் சொல்கிறார்கள். சண்டை இல்லை, புள்ளிகளுக்காக ஓடுவதில்லை. தெருவில் நடக்க வேண்டும், கடைகளைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் மனைவியைப் பார்க்க வேண்டும், பதிவு செய்துகொண்டு வர வேண்டும். நான் பிறந்து சில வருடங்களில் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பதே எனக்கு நம்ப முடியவில்லை. இதைக் கெட்ட பழக்கம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

என் கோரிக்கை இதுதான். வாரத்துக்கு நான்கு சினிமா விமர்சனம் போடுகிறீர்கள். அதில் மூன்று படம் நான் பார்க்கும் முன்பே தியேட்டரை விட்டுப் போய்விடுகிறது. மாதம் ஒரு முறை அரைப் பக்கம் இந்த மாதிரி கேம்களுக்கு ஒதுக்குங்கள். வன்முறை இருக்கிறதா, எத்தனை வயதுக்கு ஏற்றது, காது கேளாதவர் விளையாட முடியுமா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கடைசி விவரத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, சிட்டிசன் ஸ்லீப்பரின் முடிவுகளில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லையே அப்பா, நான் எழுதுகிறேன் என்று மகளே சொல்லியிருக்கிறாள். அவளுடைய எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். போன் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல்.