உரோமப் பேரரசின் எல்லைக் கோட்டை நகரான தாராவிலிருந்து ஒரு போர்வீரனின் கடிதம், கி.பி. 530

மதிப்பிற்குரிய அப்பாவுக்கும் அன்புள்ள அம்மாவுக்கும்,

நலமாக இருக்கிறேன், காயம் ஏதுமில்லை. எழுத்தர் ஒருவரிடம் சொல்லி இதை எழுதுவிக்கிறேன். நம் திரேஸ் பகுதியில் இந்நேரம் அறுவடை தொடங்கியிருக்கும். இங்கோ காலையிலேயே தலைக்கவசம் சுடுகிறது. ஊரார் பேசும் சிரியாக் மொழியில் ரொட்டியும் தண்ணீரும் கேட்க மட்டும் கற்றிருக்கிறேன். பாரசீகரின் நிசிபிஸ் நகரம் சுமார் 12 மைல் தொலைவில்தான் இருக்கிறது. மறைந்த பேரரசர் அனஸ்தாசியுஸ் சிற்றூராக இருந்த தாராவுக்கு மதில் எழுப்பிய நாளிலிருந்து, இது அவர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசாகவே உறுத்திவருகிறது.

தளபதி பெலிசாரியுஸ் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், இளைஞர். மதிலுக்கு வெளியே அகழி வெட்டச் சொன்னார். நடுப்பகுதி ஒரு கோடாகவும், பக்கங்கள் மடிந்து நீள்வதாகவும், குதிரைகள் கடக்க ஆங்காங்கே வழி விட்டும் வெட்டினோம். போர்வீரனுக்கு மண்வெட்டி எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

பாரசீகத் தளபதி பீரோஸ் 40,000 பேருடன் வந்து, தாம் குளிக்க நகரில் ஏற்பாடு செய்து வைக்குமாறு சொல்லியனுப்பினார். நாங்கள் 25,000 பேர். முதல் நாள் தனிச்சண்டைக்கு அழைத்த பாரசீக வீரர் இருவரையும், ஒருவர்பின் ஒருவராக, ஆண்ட்ரியாஸ் என்பவர் வீழ்த்தினார். அவர் படைவீரரே அல்லர், பூசஸ் என்னும் தளபதியின் குளியல் பணியாளர்! பீரோஸ் கேட்ட குளியலுக்குப் பொருத்தமான ஆள்தான் என்று முகாமே சிரித்தது.

மூன்றாம் நாள், நிசிபிஸிலிருந்து மேலும் 10,000 பேர் அவர்களுடன் சேர்ந்த பிறகு, நாங்கள் பசித்திருப்போம் என்று எண்ணி நண்பகல் வரை காத்திருந்து தாக்கினார்கள். இரு தரப்பு அம்புகளும் வானத்தை மறைத்தன. காற்று எங்களுக்குச் சாதகமாக, அவர்களை எதிர்த்து வீசியது. இடப்புறம் நம் குதிரைப்படை பின்வாங்கியபோது, குன்றின் பின்னே ஒளிந்திருந்த, நம் படையில் சேர்ந்த ஹெருலியர் இனத்தார் 300 பேர் பகைவரின் முதுகில் பாய்ந்தார்கள். வலப்புறம் 'சாகாவீரர்கள்' எனப்படும் அவர்களுடைய சிறப்புப் படையினர் நம்மவரை விரட்டி வெகுதூரம் வந்துவிட, நம் படையிலிருந்த ஹூணக் குதிரைவீரர்கள் குறுக்கே புகுந்து அவர்களை இரண்டாகப் பிளந்தனர். அங்கே மட்டும் பாரசீகர் 5,000 பேர் மாண்டதாகச் சொல்கிறார்கள்.

அப்பா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அகழியின் நடுப்பகுதியில் காலாளாக நின்ற நான் ஒரு பாரசீகனையும் குத்தவில்லை. மண்வெட்டிதான் என் போர். தப்பியோடியவர்கள் கேடயங்களை எறிந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பித் தாக்கிவிடக்கூடும் என்று அஞ்சித் தளபதி துரத்தலை விரைவில் நிறுத்திவிட்டார்.

கையில் இருந்த கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. அகழியைத் தூர்க்கும்படி இதுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இளைய மகன்