வெட்டுப்புள்ளிக்கு முன் முற்பணக் கெடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் (அனுமதி பெறத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிகள்) வெளியாவதில் ஏற்படும் தாமதம் குறித்துத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுடன் காத்திருக்கும் குடும்பங்களின் கவலையைச் சரியாகவே எடுத்துரைத்தது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுவதால், தரப்படுத்தப்பட்ட பரீட்சைப் புள்ளியான இஸட் புள்ளி கையிலிருந்தும், தமது மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி தெரியும்வரை பிள்ளைகளால் எதையும் தீர்மானிக்க இயலாது. காத்திருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அதற்கிடையில் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் விதிக்கும் கட்டணக் கெடுவே பெற்றோரை வதைக்கிறது. வெள்ளவத்தையில் வசிக்கும் என் சகோதரி, மகளின் பொறியியல் படிப்பு கைநழுவிவிடுமோ என அஞ்சி, தாலிக்கொடியை அடகுவைத்து அத்தகைய நிறுவனமொன்றில் முற்பணம் செலுத்தினார். பின்னர் மகளுக்கு அரச பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்தபோது, பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘மீளளிக்கப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனவே, பெறுபேறு வெளியாகும்போதே வெட்டுப்புள்ளி வெளியாகும் திகதியையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அறிவிக்க வேண்டும். அத்துடன், அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவரின் முற்பணத்தைத் தனியார் நிறுவனங்கள் முழுமையாகத் திருப்பிக் கொடுப்பதை உயர்கல்வி அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும்.

பெற்றோர் ஒருவர்,
கொழும்பு 06.