முதலில் ஃபேன், அப்புறம் டிரெய்னர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்ததிலிருந்து உங்கள் நாளிதழை இணையத்தில்தான் படித்து வருகிறேன். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி செய்வது பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். எந்த டிரெய்னர் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து மிதிக்க உதவும் கருவி) வாங்கலாம், எவ்வளவு பெரிய டி.வி. மாட்டலாம் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதற்கு ஒரே ஒரு வரிதான்: ஏ.சி. அறையாக இருந்தால் போதுமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஒவ்வொரு அக்டோபரிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் அமாஷோவா சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அதற்குத் தயாராக வேண்டிய ஜூன், ஜூலை எங்களுக்குக் குளிர்காலம். காலை ஆறே முக்கால் வரை சூரியன் எட்டிப் பார்க்காது. மருந்துக் கடை வேலைக்குப் போகிற ஒரு பெண் அதற்கு முன்னால் இருட்டில் தனியாக ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது இந்த ஊரில் புத்திசாலித்தனம் இல்லை. மினிபஸ் டாக்சிகளின் வேகம் ஒரு பக்கம், சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு பக்கம். என்னைப்போல் பலருக்கு வீட்டுக்குள் மிதிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

பந்தயம் முடிந்தால் பயிற்சியும் முடிந்துவிடுவதில்லை. மார்ச்சில் கேப்டவுனில் 109 கிலோமீட்டர் சைக்கிள் டூர் இருக்கிறது. அதற்கான மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. உங்களுக்கு மார்கழிப் பனி என்றால் எங்களுக்கு அதுதான் கொளுத்தும் கோடை. தைப்பூசக் காவடி எடுக்கிறவர்கள் தார் ரோட்டில் கால் வைக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். வெயிலைவிடக் கடற்கரைப் புழுக்கம்தான் ஆளை அடித்துப் போடும். சென்னை, தூத்துக்குடி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடம்பின் கணக்கைப் பாருங்கள். நாம் செலவழிக்கும் சக்தியில் கால்வாசி, சில சமயம் அதற்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. மிச்சமெல்லாம் சூடு. 150 வாட் அளவுக்கு மிதிக்கும் ஒருவர் கூடவே 450 முதல் 600 வாட் வரை சூட்டைக் கக்குகிறார். மூடிய அறையில் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் அந்தக் காற்று இல்லை. வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். அதற்குக் காற்று மேலே பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏ.சி. அறையைக் குளிர வைக்கும், ஆனால் நெஞ்சுக்கு நேராகக் காற்றடிக்காது. சீலிங் ஃபேனும் போதாது. ஹேண்டில்பாருக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில், ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன். முடிந்தால் முதுகுக்கு இன்னொன்று. எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் முதலில் இதற்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் டிரெய்னர் வாங்குங்கள்.

கராஜில் வைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கார் நிற்கிற கராஜ் என்றால் இன்னும் மோசம். வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்த பிறகும் புகை உள்ளேயே தங்கும். மூச்சு வாங்க மிதிக்கிறவர் அத்தனையையும் நெஞ்சுக்குள் இழுப்பார்.

அடுத்தது சத்தம். நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில். 1960களில் நிறவெறி அரசு இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி இது. அப்போது கட்டிய வீடுகள் பெரும்பாலும் இரட்டை வீடுகள், நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. டிரெய்னர் வாங்கிய அன்றே நாங்கள் ஒரு சோதனை செய்தோம். நான் இங்கே மிதிக்க, என் கணவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் நடுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காதில் விழும் சத்தம் குறைவுதான், ஆனால் சுவர் முழுக்க ஒரு ரீங்காரம் ஓடியது. அக்காவின் கண்ணாடி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. டிரெய்னரை எதிர்ப்பக்கம் வெளிச்சுவர் ஓரமாக நகர்த்தி, அடியில் கெட்டியான ரப்பர் பாய் இரண்டு விரித்து மறுபடி மிதித்தேன். டம்ளர்கள் அமைதியாகிவிட்டன. அக்காவே வந்து, "சரிம்மா, இனி நீ எந்நேரமும் ஓட்டு" என்றார்கள். மாடியில் பலகைத் தளம் என்றால் அதிர்வு இன்னும் கூடும். முடிந்தவரை தரைத்தளத்து சிமெண்டுத் தரையிலேயே வையுங்கள். சென்னை அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

பின்சக்கரத்தை உருளை மேல் ஏற்றும் வகை டிரெய்னர் என்றால் பின்பக்கம் கொஞ்சம் உயரும். முன்சக்கரத்துக்கு அடியில் அதே அளவு பலகை கொடுத்துச் சமன் செய்யாவிட்டால் உடம்பு முன்னால் சரிந்து, கை மணிக்கட்டு மரத்துப்போகும். நிலையாக நிற்கும் சைக்கிள் ரோட்டில்போல அசைந்து கொடுக்காது என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டை விட்டு எழுந்து மிதிப்பதும் அவசியம்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் மின்சாரம். ஒரு மணி நேரம் நன்றாக மிதித்தால் ஒரு லிட்டர் வியர்வைகூடக் கொட்டும். அது நேராகக் கீழேதான் சொட்டுகிறது. அந்த இடத்தில்தான் பலர் எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் போட்டு டிரெய்னர், ஃபேன், டி.வி. மூன்றையும் அதில் செருகியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வீடுகளில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும். தமிழ்நாட்டில் இது இல்லாத பழைய வீடுகள் இன்னும் உண்டு. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை முதலில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

மின்வெட்டையும் மனதில் வைக்க வேண்டும். 2023இல் இங்கே ஒரு நாளில் பத்து மணி நேரம்கூடக் கரண்ட் போனதுண்டு. போன், கம்ப்யூட்டரோடு இணைந்து இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் டிரெய்னர்களில் பெரும்பாலானவை பிளக்கில் செருகினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காந்தத்தாலோ திரவத்தாலோ இறுக்கம் தரும் பழைய வகைக்குக் கரண்டே தேவையில்லை, விலையும் குறைவு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஃபேன் மட்டும் பேட்டரியில் ஓடுவதாக வாங்கினேன்.

பயிற்சி முடிந்ததும் ஹேண்டில்பார், போல்ட், ஸ்டீயரிங் பேரிங் பக்கம் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வியர்வை உப்பு போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் அலுமினியத்தை வெளியே தெரியாமல் அரித்துவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஓட்டும்போது அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். சுழலும் சக்கரத்தின் கம்பிக்குள் பிஞ்சு விரல் போக ஒரு நொடி போதும்.

சித்திரை வெயில் தொடங்குவதற்குள், அனுபவமுள்ள ஒரு எலக்ட்ரீசியனையும் ஒரு மருத்துவரையும் கேட்டு இதே விஷயத்தில் இன்னொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிரெய்னர் மாடல்களைப் பற்றி வாசகர்கள் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இதையெல்லாம் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்