குடைமிளகாய்க் குடிலில் குளவி: நெதர்லாந்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? குடைமிளகாயில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இந்த ஊரில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் மருந்தே அடிப்பதில்லை, அசுவினிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவியை விடுகிறார்கள். அதை விவரமாகவே எழுதுகிறேன்.

வெஸ்ட்லாந்துப் பகுதியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பசுமைக்குடில்களின் கண்ணாடிக் கூரைதான். டிசம்பர் வாக்கில் நாற்று நட்டால் மார்ச்சில் பறிப்பு ஆரம்பம். நவம்பர் வரை அதே செடிதான். வேர் மண்ணில் இல்லை, ராக்வூல் என்ற பாறைப்பஞ்சுப் பலகையில் இருக்கும், தண்ணீரும் உரமும் சொட்டுக்குழாயில் வரும். மழையில்லை, காற்றில்லை, எப்போதும் இளஞ்சூடு. அசுவினிக்கு வேறென்ன வேண்டும்? ஆண் இல்லாமலே பெண் நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி பத்து நாளுக்குள் தானும் குட்டி போடும்.

மருந்தை ஏன் தொடுவதில்லை என்றால், குடிலுக்குள் வேறு நல்ல பூச்சிகளும் குடியிருக்கின்றன. பூவுக்குள் இலைப்பேனைத் தின்னும் ஓரியஸ் என்ற சிறு பூச்சி, இலையில் வெள்ளை ஈ முட்டையையும் இலைப்பேன் குஞ்சையும் தின்னும் ஸ்விர்ஸ்கி என்ற சிற்றுண்ணி. பைரித்ராய்டு வகை மருந்தை ஒரு தடவை அடித்தால் இவை எல்லாம் போய்விடும். எச்சம் வாரக்கணக்கில் இலையில் நின்று, புதிதாக விடுவதையும் கொல்லும். அசுவினியோ, அதிலும் பச்சைப் பீச் அசுவினி, பல மருந்துகளுக்கு எப்போதோ பழகிவிட்டது. இந்த நாட்டில் நல்ல பூச்சி வளர்த்து விற்கும் கோப்பர்ட் நிறுவனத்தை 1967-இல் தொடங்கியவரும் ஒரு வெள்ளரி விவசாயிதான். செஞ்சிலந்தி என்ற சிற்றுண்ணிக்கு மருந்து கேட்காமல் போனதால், அதைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணியைத் தேடிப் போனார்.

குளவி வாங்குமுன் எந்த அசுவினி என்று பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழல்களைப் பாருங்கள். உடல் சிறியது, குழல் கறுப்பு என்றால் பருத்தி அசுவினி. வெளிர்பச்சையோ இளஞ்சிவப்போ இருந்து, குழலும் வெளிறியிருந்தால் பீச் அசுவினி. இந்த இரண்டுக்கும் ஏஃபிடியஸ் கோலெமானி என்ற குளவி. நீளக் காலோடு பெரிதாக இருப்பது உருளைக்கிழங்கு அசுவினி. குழலின் அடியில் கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் ஃபாக்ஸ்குளவ் அசுவினி. இதன் எச்சிலே நஞ்சு, நாலைந்து பூச்சி இருந்தாலே இலை மஞ்சள் புள்ளி விழுந்து முறுக்கிக்கொள்ளும். இந்தப் பெரிய இரண்டுக்கும் ஏஃபிடியஸ் எர்வி அல்லது ஏஃபெலினஸ் அப்டோமினாலிஸ் என்ற குளவிகள். உருளைக்கிழங்கு அசுவினிக்குக் கோலெமானியை விட்டுவிட்டு ‘குளவி வேலை செய்யவில்லை’ என்பது காசைக் கொட்டிவிட்டுப் புலம்புவதுதான். இனம் தெரியாதபோது ஆறு வகைக் குளவி கலந்த குழாய்களும் கிடைக்கின்றன.

கோலெமானி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், மனிதரைக் கொட்டாது. வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னால் வளைத்து அசுவினிக்குள் ஒரு முட்டையைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போகும். உள்ளே பொரிக்கும் புழு உள்ளிருந்தே தின்னும். கடைசியில் தோல் மட்டும் உப்பி, பொன்பழுப்பாகி, இலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை மம்மி என்கிறார்கள். ஏஃபெலினஸ் என்றால் மம்மி கறுப்பாக இருக்கும். 20 முதல் 22 டிகிரியில் முட்டையிலிருந்து குளவி வெளிவர சுமார் இரண்டு வாரம். அதில் முதல் வாரம் முழுக்க, குத்துப்பட்ட அசுவினியும் பார்க்கச் சாதாரண அசுவினி மாதிரியே நடமாடும். அந்த வாரத்தில் பொறுமையிழந்து மருந்தடிப்பவர்கள் நிறைய.

குளவி மம்மியாகவே, புட்டிக்கு 500 வீதம் வரும். அசுவினி கண்ணில் படுமுன்பே சதுர மீட்டருக்கு 0.25 என்று வாராவாரம் விடுவது வழக்கம்: ஒரு ஏக்கருக்கு வாரம் இரண்டு புட்டி. அசுவினி தெரிந்துவிட்டால் சதுர மீட்டருக்கு 0.5 முதல் 1 வரை, குறைந்தது மூன்று வாரம் தொடர்ந்து. வந்த அன்றே விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் 8 முதல் 10 டிகிரியில் ஓரிரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் பொரிப்பது குறையும். காலையிலோ மாலையிலோ, செடியில் தொங்கும் சிறு அட்டைப் பெட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார்கள். நேர் வெயிலும் படக்கூடாது, சொட்டுநீரும் நனைக்கக்கூடாது. எறும்பு ஏறினால் எல்லாம் வீண். அது மம்மியையும் தூக்கிப்போகும், அசுவினிக்குக் காவலும் நிற்கும். முதலில் எறும்பை ஒழியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியையும் குறைத்துக்கொள்ளுங்கள். குளவியும் அதில் ஒட்டிச் சாகும். ஒவ்வொரு தடவையும் நூறு மம்மியை ஒரு கண்ணாடிப் புட்டியில் துணி கட்டி வைத்து, எத்தனை பொரித்தன என்று எண்ணினால் சரக்கின் தரம் தெரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோதுமைத் தொட்டி முறை. தொட்டியில் கோதுமையோ பார்லியோ விதைத்து, விரல் உயரம் வந்ததும் தானிய அசுவினியை விடுவார்கள். அது புல்லினத்தை மட்டுமே உண்ணும், குடைமிளகாயைத் தொடாது. ஒரு வாரம் கழித்துக் கோலெமானியை விட்டால், குடிலில் அசுவினி இல்லாத நாளிலும் குளவி அங்கே பெருகிக்கொண்டிருக்கும். ஹெக்டேருக்கு ஐந்தாறு தொட்டி, இரண்டு வாரத்துக்கொரு முறை புதிது. எர்விக்கு வேறு தானிய அசுவினி வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டையும் ஓட்ட முடியாது.

கோடையில்தான் சிக்கல். 30 டிகிரிக்கு மேல் கோலெமானி சோர்ந்துவிடும். அதைவிட மோசம், குளவிக்கே ஒட்டுண்ணியாகும் இன்னொரு குளவி வெளியிலிருந்து நுழைவது. காலி மம்மியை லென்ஸில் பாருங்கள்: ஓட்டை வட்டமாக, மூடி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தால் நம் குளவி வெளியேறியது, ஓரம் பிய்ந்து கரடுமுரடாக இருந்தால் எதிரி. பிய்ந்த ஓட்டை அதிகமானால் கோதுமைத் தொட்டிகளை உடனே அப்புறப்படுத்திவிட்டு, மேலும் குளவி வாங்காமல், தின்னும் பூச்சிகளுக்கு மாற வேண்டும். ஏஃபிடோலெட்டீஸ் என்ற சிறு கொசுவின் ஆரஞ்சுநிறப் புழு, கூட்டமாக மொய்த்த இடத்தை நன்றாகத் தின்னும். அது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் விரித்த இந்தத் தரையில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். நம் குடில் மண் பாத்தி என்பதால் அங்கே இது இன்னும் நன்றாக நிலைக்கும்.

அசுவினி கழிக்கும் இனிப்பான தேன்கசிவு வழிந்து கரும்பூஞ்சை பிடிக்குமளவு மொய்த்துவிட்டால் குளவியை நம்பாதீர்கள்; பிசுபிசுப்பிலேயே அது சிக்கிக்கொள்ளும். அந்தக் குருத்தைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள், சுற்றியுள்ள செடிக்கு மட்டும் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் அடியுங்கள். பட்டதைக் கொல்லும், காய்ந்தபின் எச்சம் இல்லை. தழைச்சத்தையும் குறைத்துப் பாருங்கள். கொழுகொழு குருத்தில்தான் அசுவினி கொழிக்கும்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: அசுவினியின் நிறமும் குழலின் நிறமும், இலையடியில் ஏற்கெனவே மம்மி ஏதாவது இருக்கிறதா, கடைசியாக அடித்த மருந்தின் பெயரும் தேதியும். அந்தத் தேதி தெரியாமல் ஒரு புட்டிகூட வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்