சம்பள நாள் ராத்திரி தாழ் போடாத கதவு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளிலிருந்தும், மலைக்குக் கீழே கம்பம், கூடலூரிலிருந்தும் அத்தனை பேர் வந்தீர்கள். அன்று வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி, ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா குடித்தார், அம்மாவை அடித்தார். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் லயத்தில் இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. சம்பள நாள் ராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது, மறுநாள் கொழுந்து எடுக்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அது எனக்குள் என்ன செய்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கல்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஒரு காலை இழுத்து நடந்தால் பயமில்லை, வந்ததும் விழுந்து தூங்கிவிடுவார். இரண்டு காலும் அழுத்தமாக விழுந்தால் தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு நாலு. பொய்யும் சரளமாக வந்தது. அம்மாவின் கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து அவர் நம்புகிற மாதிரி ஒன்றைச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால், முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் யார் என்று பார்ப்பேன். முரடன் என்று பேர் வாங்கினேன். உண்மையில் அது முழுக்கப் பயம்.

பக்கத்து வீட்டு அத்தை, சம்பள நாளில் உங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ் கிடையாது. தங்கச்சியோடு தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கதவோரம் பாய் விரித்திருக்கும், இரண்டு தட்டில் சோறு மூடியிருக்கும். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி கிடப்பீர்கள். காலையிலும் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் அப்பாவைக் காப்பாற்ற உங்களிடமும் பொய் சொல்லியிருப்பேன். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த மாதம் வந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது அத்தை?

தமிழ் ஐயா, ஏழாம் வகுப்பில் ஒரு பையனின் பல்லை உடைத்தேன். பிரம்பு வரும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்குன?" என்றீர்கள். அன்று அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதற்காகச் செய்ததை மன்னித்து விட்டுவிடவும் இல்லை. சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குக் கூட்டிப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். மறுநாள் நூலக அலமாரியின் சாவியை என்னிடம் தந்தீர்கள்.

கே.கே. ரோட்டு டீக்கடைச் சேச்சி, இருட்டும் வரை உங்கள் கடை பெஞ்சில்தான் வீட்டுப்பாடம் எழுதினோம். தங்கச்சி கையில் காயத்தைப் பார்த்ததும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தது நீங்கள்தான். அதற்காக அப்பா கடை வாசலில் நின்று எவ்வளவு திட்டினார்! நீங்கள் அசையவில்லை. எங்களுக்குக் கட்டன் சாயா கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

பி.எட். படிக்கும்போது ஹவாயில் உள்ள கவாய் தீவைப் பற்றி வாசித்தேன். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் நாற்பது வயது வரை கவனித்து வந்திருக்கிறார்கள். வறுமை, சண்டை, குடி எல்லாம் சேர்ந்து அழுத்திய வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு நம்பி ஒண்ட ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார், பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாத்தியாரோ. அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அத்தை விரித்த பாய்தான் கண்ணுக்குள் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், பால் டம்ளரைத் தட்டிவிட்ட என் மகன் மீது கையை ஓங்கினேன். அவன் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அது நான் சாய்க்கிற விதம். கை இறங்கவில்லை, ஆனால் அன்று முழுக்க உடம்பு நடுங்கியது. மறுநாளே ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போன என் மனைவிக்கும், எட்டு மாதம் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி.

அப்பாவைக் கடைசி ஆறு வருடம் குடிக்காமல் வைத்திருந்த, குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்து அண்ணன்களே, அவர் பேரன் கையைப் பிடித்து நடந்ததை அம்மா பார்த்தார். நான் அவரை முழுதாக மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அந்த ஆறு வருடம் எங்களுக்குக் கிடைத்தது உங்களால்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி. சேச்சிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது கடையில் உட்கார்ந்து, இதைச் சேச்சிக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.