பியூரெட்டை மாணவர் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். பகுப்பாய்வு வேதியியல் செய்முறையை இந்தப் பருவத்திலும் கணினியின் மெய்நிகர் ஆய்வுக்கூடத்திலேயே நடத்தத் தாங்கள் முடிவெடுத்திருப்பதை அறிந்து, தங்கள் கல்லூரியில் படித்து இன்று மருந்து ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றும் பழைய மாணவி என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, இன்று இல்லை.

அண்மையில் எங்களிடம் பயிற்சிக்கு வந்த தங்கள் மாணவி ஒருவரிடம், வைட்டமின் சி மாத்திரையை அயோடின் கரைசலால் தரம் பார்க்கச் சொன்னோம். சமன்பாடும் கணக்கும் அவருக்கு மனப்பாடம். ஆனால் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் கருவியான பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி நின்றதை அவர் கவனிக்கவில்லை. பாதியில் குமிழி வெளியேற, அளவு கூடிப்போயிற்று. ஸ்டார்ச் சேர்த்த கரைசல் நீலமாகி நிலைக்கும் அந்த ஒரு துளியில் குழாயை மூடவும் கை பழகியிருக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தும் அளவுகள் ஒத்துவராமல், "கம்ப்யூட்டரில் சரியாகத்தானே வந்தது, அக்கா" என்று கண் கலங்கினார். குற்றம் அவருடையது அன்று.

மெய்நிகர் பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி போன்ற விலையுயர்ந்த கருவியில் கரைப்பான் விகிதத்தை மாற்றினால் வரைபடத்தின் உச்சிகள் எப்படி நகர்கின்றன என்பதைத் திரையில் காட்டுவது பெரும் உதவி. செய்முறைக்கு முந்தைய நாள் ஒத்திகையாகவும் அது பயன்படும். ஒத்திகையே செய்முறை ஆகிவிடாது. ஆகவே, இப்படிக் கரைசலை விட்டு அளந்து பொருளின் அளவைக் கண்டறியும் பருமனறி பகுப்பாய்வை மெய்யான ஆய்வுக்கூடத்தில், மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் செய்ய வழிசெய்யுங்கள்.

வேதிப்பொருள் செலவைக் காரணம் சொல்கிறீர்கள். ஒரு லிட்டர் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலுக்கு அந்த உப்பு ஏறத்தாழ 3.16 கிராம் போதும் என்பது தாங்களே எங்களுக்குக் கற்பித்தது. ஆய்வுக்கூடக் கட்டணத்தையோ இன்றும் குறைக்காமல் வாங்குகிறீர்கள். அந்தப் பணம் எதற்காக என்று பெற்றோர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் உயிரிழந்த செய்திகள் 2022 முதல் அடுத்தடுத்து வந்த பிறகும், மருந்தைச் சோதிக்கப் போகிறவர்களின் பயிற்சியிலா சிக்கனம் பார்ப்பது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடத்தை இந்தப் பருவத்திலேயே திறந்து, பியூரெட்டை மாணவர் கையில் கொடுங்கள். உடைந்த கண்ணாடிக் கலன்களுக்கு மாற்று வாங்கித் தரவும், விடுமுறை நாட்களில் வந்து உடனிருந்து பழக்கவும் பழைய மாணவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவி